மாரிக்குப்பம் காத்த பண்டிதர்

அயோத்திதாசப் பண்டிதரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் வெளிவரத் தொடங்கியது அங்கேதான். 1914 மே 5 அன்று அவர் மறைந்ததும் சென்னையில்தான். ஆனால் அவர் வகுத்த பௌத்த நெறி வீடுகளுக்குள் நுழைந்து, அப்பனிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறித் தழைத்த ஊர் கோலார் தங்கவயல். அதிலும் குறிப்பாக மாரிக்குப்பமும் சாம்பியன் ரீப்சும். பண்டிதரை ஒரு தந்தையாகவும் சமயப் பற்றாளராகவும் நினைவுகூரத் தங்கவயலுக்கே முதல் உரிமை உண்டு.

அவர் 1845 மே 20 அன்று பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் மருத்துவமும் கற்பித்த அயோத்திதாச கவிராஜ பண்டிதரின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். ஆசானைத் தந்தையினும் மேலாக மதித்த உள்ளம் அது. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் துரையிடம் கொடுக்க, அது ஆங்கில அதிகாரி எல்லீசின் கைக்குச் சேர்ந்தது என்று பண்டிதரே ‘தமிழன்’ இதழில் எழுதியிருக்கிறார். முன்னோர் காத்து வைத்ததை அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்க வேண்டும் என்னும் எண்ணம் அந்தக் குடும்பத்திலேயே ஊறியிருந்தது.

இளமையில் அவர் அத்வைதத்தில் தோய்ந்திருந்தார். பட்டாபிராமன், மாதவராம், ஜானகிராமன் என்று அவர் தம் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களிலே அந்தப் பழைய பற்று தெரிகிறது. 1898-இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கைக்குப் போய், சுமங்கல நாயகத் தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. பேரும் தொழிலும் நிலைபெற்ற வயதில், சித்த மருத்துவராக ஊரார் மதித்த நிலையில், ஒருவர் தம் சமயத்தை அடியோடு மாற்றிக்கொள்வது எளிதன்று. குடும்பத்துக்குள்ளும் எல்லாரும் அவரோடு வந்துவிடவில்லை. மனைவி தனலட்சுமியின் உடன்பிறந்தவரான இரட்டைமலை சீனிவாசன் கடைசிவரை வேறு வழியிலேயே நடந்தார். பண்டிதர் யாருக்காகவும் தம் வழியை விட்டு விலகவில்லை.

தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் சுரங்கக் கம்பெனி கால்வைத்தபின் வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து சேர்ந்தன. பெரும்பாலோர் ஊரில் நிலமில்லாதவர்கள், சேரியில் ஒதுக்கப்பட்டவர்கள். தட்டி வீட்டில் குடியிருப்பு. காலையில் ஷிப்டுக்கு இறங்கிய மனிதர் மாலையில் ஏறி வருவார் என்பது நிச்சயமில்லை. சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சிதறும் ‘ஏர் பிளாஸ்ட்’ என்ற சொல்லைக் கேட்டாலே தொழிலாளர் லைன் முழுக்கப் பதறியடித்து சாப்ட் வாயிலுக்கு ஓடும். பாறைத் தூசு நெஞ்சில் படிந்து இருமி இருமிச் செத்தவர்களும் பலர். இப்படிப்பட்ட அப்பன் தன் பிள்ளைக்கு என்ன சொத்தை எழுதி வைப்பான்?

பண்டிதரின் பெருமை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அவர் கொடுத்தது வீட்டுக்குள் புழங்கும் சமயம். பிள்ளை பிறந்தால் என்ன செய்வது, திருமணத்தை எப்படி நடத்துவது, சாவு வீட்டில் யார் எதைச் சொல்வது என்று வாசகர் கேட்கக் கேட்கப் பதில் எழுதினார். தீபாவளி எள்ளெண்ணெய் கண்டறிந்த நாள் என்றும், கார்த்திகை தீபம் ஆமணக்கெண்ணெயின் நினைவு என்றும், போகி என்பது போதிப் பண்டிகையே என்றும் விளக்கினார். வரலாற்றாசிரியர்கள் இவற்றில் சிலவற்றை ஏற்கத் தயங்கலாம். ஆனால் “அப்பா, நாம் யார்?” என்று கேட்ட குழந்தைக்கு அதுவரை தலைகுனிந்து நின்ற தகப்பன், “நாம் பூர்வ பௌத்தர், இந்த மண்ணுக்குரியவர்” என்று நிமிர்ந்து சொல்ல முடிந்தது. அந்த ஒரு விடைக்காகவே தங்கவயல் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே மாரிக்குப்பத்தில் பண்டிதர் நிறுவிய பௌத்த சங்கத்தின் கிளை தோன்றிவிட்டது. எம்.ஒய். முருகேசம் போன்றோர் அதை முன்னின்று நடத்தினார்கள். ‘தமிழன்’ இதழ் ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கூடப் போனது. என்றாலும் தங்கவயலில் அதற்கிருந்த பற்று தனியானது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது அந்நாளைய வழக்கம்.

பண்டிதர் மறைந்தபின் மகன் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். தந்தையின் பணியை மகன் தோளில் ஏற்ற அந்தச் செயலை நாம் போதுமான அளவு போற்றியதில்லை. இதழ் நின்றுபோனபின், 1926-இல் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தவர் தங்கவயலைச் சேர்ந்த ஜி. அப்பாதுரையார். சுயமரியாதை இயக்கத்தோடு பௌத்தத்தை உரையாட வைத்தவரும் அவரே. தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டது. பெற்ற பிள்ளை விட்ட இடத்திலிருந்து பெறாத பிள்ளைகள் தொடர்ந்தார்கள். 1954-இல் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்த தீட்சை பெற்றார். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே இங்கே சுரங்கத் தொழிலாளர்கள் புத்தரைச் சரண் அடைந்திருந்தார்கள் என்பதைத் தமிழுலகம் இன்னும் உரக்கச் சொல்லவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வேலை தேடி நம் பிள்ளைகள் தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். இதற்கு நேர்மாறாகப் பண்டிதரின் பெயர் மட்டும் மேலெழுந்து வந்திருக்கிறது. அன்பு பொன்னோவியம் போன்றோர் காத்து வைத்த ‘தமிழன்’ இதழ்களின் துணையோடு ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999 முதல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. 2005-இல் அஞ்சல் தலை வந்தது. 2023 டிசம்பரில் கிண்டியில் மணிமண்டபமும் சிலையும் திறக்கப்பட்டன.

சிலை வந்துவிட்டது, தாள்கள் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. பழைய லைன் வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் ‘தமிழன்’ இதழோ, சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்ட நூலோ, சங்கக் கூட்டத்தின் துண்டறிக்கையோ, தாத்தாவின் புகைப்படமோ இருந்தால், இம்மலரைப் படிக்கும் குடும்பத்தார் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் ஆவணக் காப்பகத்திடம் காட்டி, படியெடுக்கக் கொடுங்கள்.