யாருடைய ஆட்டக்காரர்? கோப்பைக் கால்பந்தில் தகுதி விதிகள்

முன்னுரை

லீக் போட்டியில் தோற்ற அணி அடுத்த ஆட்டத்தில் ஈடுசெய்துகொள்ளலாம். கோப்பைப் போட்டியிலோ ஒரு தோல்வியே வெளியேற்றம். எனவே, தோற்று வெளியேறிய அணியின் ஆட்டக்காரர் கழகம் மாறி, அதே கோப்பையின் அடுத்த சுற்றில் ஆடலாமா என்னும் வினா எழுகிறது. இதற்கு விடை காண வசிப்பிடம், ஆடிய ஆட்டம், பணி ஆகிய மூன்று அளவுகோல்கள் கையாளப்பட்டதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வசிப்பிடம்

1885இல் ஊதியம் பெறும் ஆட்டக்காரர்களை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஏற்றது. ஆயினும், கோப்பையில் ஆட அவர்கள் தம் கழகத்திலிருந்து ஆறு மைல் எல்லைக்குள் பிறந்திருக்க வேண்டும்; அல்லது அங்கு இரண்டாண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும் என விதித்தது. கோப்பை ஊரின் பெருமை. அதை விலைக்கு வாங்கிய ஆட்களைக் கொண்டு வெல்லக்கூடாது என்பதே இதன் உட்கருத்து. இக்கட்டுப்பாடு 1889இல் நீக்கப்பட்டது.

ஆடிய ஆட்டம்

பின்னர் நிலைபெற்ற விதி வசிப்பிடத்தைப் பார்க்கவில்லை; ஒரு பருவத்தில் ஒரு கோப்பையில் ஒரு கழகத்துக்கு ஆடியவர், அதே கோப்பையில் மற்றொரு கழகத்துக்கு ஆடலாகாது என்றது. 1999 டிசம்பரில் நடந்த இங்கிலாந்து லீக் கோப்பைக் காலிறுதியில் ஆஸ்டன் வில்லாவை வெஸ்ட் ஹாம் பெனால்டி முறையில் வென்றது. ஆனால் இறுதி நிமிடங்களில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய இம்மானுவேல் ஓமோயின்மி, அதே பருவத்தில் இரவல் ஆட்டக்காரராகக் கில்லிங்காமுக்கு அக்கோப்பையில் ஆடியிருந்தார். ஆட்டம் மீண்டும் நடத்தப்பட்டது; 2000 ஜனவரியில் வில்லா 3-1 என வென்றது. பதிவேட்டைச் சரிபாராத கழகத்தின் பிழைக்கு ஆட்டக்காரரின் பெயரே அடையாளமாயிற்று.

2018 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து பார்சிலோனாவுக்கு மாறிய கூட்டின்யோ, அப்பருவச் சாம்பியன்ஸ் லீக்கில் புதிய கழகத்துக்கு ஆட இயலவில்லை. அடுத்த பருவம் முதல் ஐரோப்பியச் சங்கம் இவ்விதியைத் தளர்த்தியது.

பணி

1941இல் தொடங்கிய சந்தோஷ் கோப்பை வேறொரு விடையைத் தந்தது. மாநில அணிகளுடன் சர்வீசஸ், ரயில்வே அணிகளும் அதில் மோதின. அங்கே பிறந்த ஊரும் வாழும் ஊரும் அன்றிப் பணியாற்றும் துறையே அணியைத் தீர்மானித்தது. ரயில்வே 1961-62, 1964-65, 1966-67 பருவங்களில் வென்றது. 2012இல் கட்டாக்கில் நடந்த இறுதியாட்டத்தில் சர்வீசஸ் 3-2 எனத் தமிழ்நாட்டை வென்றது. நிலத்தால் அமைந்த அணியும் பணியால் அமைந்த அணியும் நேர்நின்ற ஆட்டம் அது.

முடிவுரை

பருத்திப்பட்டை ஒட்டிய ஆவடியில் விமானப்படை நிலையமும் கனரக வாகனத் தொழிற்சாலையும் உள்ளன. பணி நிமித்தம் பலர் வந்து குடியேறும் இத்தகைய நிலப்பகுதியில், ‘எவ்வூர் ஆட்டக்காரர்’ என்பதற்கு ஒற்றை விடை இல்லை. ஆறு மைல் விதி இங்கு நடைமுறையில் இருந்திருப்பின், அண்மையில் வந்த பலரைக் களத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கும். பணியை மட்டும் பார்க்கும் விதியோ அண்டை வீட்டாரை எதிரணிகளில் நிறுத்தும். கோப்பையின் நேர்மையைக் காக்க விதி தேவை. ஆயினும், பிழைப்புக்காக இடம்பெயரும் ஆட்டக்காரர்மீது அது சுமத்தும் இழப்பையும் கணக்கில் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும்.