விரல் விறைக்கும் நோயின் கதை



நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதற் குளிர்காலத்தில், என் அக்கா பஸ் தரிப்பிடத்தில் விரல்களை வாய்க்குள் வைத்துச் சூடாக்கியபடி நிற்பா. "குளிர் பழகினால் சரியாயிடும்" என்றோம். வைத்தியர் ஒருவரும், நிறம் மாறியதாகத் தெரியவில்லையே என்று அனுப்பிவிட்டார். சில வருடங்களின் பின் விரல் நுனியில் புண் வந்தபோதுதான், அது ஸ்க்ளெரோடேர்மா என்ற தொடுப்பிழைய நோய் என்று தெரிந்தது. அந்த உறுத்தலில்தான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1862இல் பரிஸ் நகரில் மொறிஸ் றேனோ என்ற இளைஞர் வைத்தியப் பட்டத்துக்கான ஆய்வேட்டில் இந்த விரல்களை விபரித்தார். குளிரில் சிறு நாடிகள் இறுகும். விரல் வெளுக்கும், நீலமாகும், இரத்தம் திரும்பும்போது சிவந்து வலிக்கும். குற்றம் நரம்பில் என்றார் அவர். அதை நம்பி 1920களில் அமெரிக்காவில் நரம்பையே வெட்டினார்கள். கையில் வெட்டிய பலருக்குக் காலப்போக்கில் நோவு திரும்பியது. லண்டனில் தோமஸ் லூயிஸ் 1929இல், கோளாறு விரல் நாடியிலேயே இருக்கிறது என்று வாதிட்டார். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு என்பதே இன்றைய கருத்து.

பலருக்கு இது தனியே வரும், பெரிய தீங்கில்லை. ஸ்க்ளெரோடேர்மா, லூப்பஸ் போன்ற நோய்களோடு வந்தால் கதை வேறு. ஸ்க்ளெரோடேர்மாவில் நாடிச் சுவரே தடித்து, வழி ஒடுங்கிவிடும்.

நெஞ்சுவலிக்கென வந்த நிபெடிபின் 1980களில் விரலுக்கும் பரீட்சிக்கப்பட்டது. நாடித் தசை சுருங்கக் கல்சியம் வேண்டும். அது உள்ளே போவதை இம்மருந்து தடுக்கிறது. இன்றும் பெரும்பாலும் முதலில் கொடுப்பது இந்த வகைதான். தலையிடி, கால்வீக்கம் வரலாம். புண் வந்தவர்களுக்கு இலோபுறொஸ்ற் மருந்தை ஆஸ்பத்திரியில் நாளத்தினூடாகச் சில நாட்கள் ஏற்றுவார்கள். 2007இல் ஐரோப்பாவில் இதற்கு அனுமதி பெற்ற பொசென்ரான் புதுப் புண்களைக் குறைக்கும். இருக்கும் புண்ணை ஆற்றாது. கணக்காளன் பாஷையில், பழைய நட்டம் நட்டம்தான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளுப்பு, நீலம், சிவப்பு என்பதெல்லாம் வெள்ளைத் தோலில் பார்த்து எழுதியவை. எங்கள் தோலில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. நகத்தடியைப் பாருங்கள். விறைப்பு, ஊசி குத்துவது போன்ற நோவு, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையெல்லாம் வைத்தியரிடம் சொல்லுங்கள். நடக்கும்போதே படமெடுத்துக் காட்டுங்கள். கையுறை மட்டும் போதாது, உடம்பும் சூடாக இருக்கவேண்டும். புகைத்தல் கூடவே கூடாது.

அக்கா இப்போது ஓகஸ்ட் மாதத்திலும் கைப்பையில் கையுறை வைத்திருக்கிறா. கடையில் குளிர்ப்பெட்டியில் மீன் எடுக்கும்போது போட்டுக்கொள்வா.