கணக்கில் வராத காடு



நம் மாவட்டத்து ரயில் நிலையங்களின் பெயர்ப் பலகைகளை என்றாவது நிதானமாகப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? அரக்கோணம் வழியில் வேப்பம்பட்டு வருகிறது. அதில் வேம்பு இருக்கிறது. திருவள்ளூரைத் தாண்டினால் செஞ்சிபனம்பாக்கம், அதில் பனை. இன்னும் கொஞ்சம் போனால் திருவாலங்காடு, அதாவது ஆலமரக் காடு. கும்மிடிப்பூண்டி வழியில் அத்திப்பட்டு, அதில் அத்தி. மற்ற ஊர்களிலும் இதே கதைதான். திருவேற்காட்டின் பெயரில் வேல மரம் இருக்கிறது. அந்தக் கோயிலின் தல மரமும் வெள்வேலம்தான். திருப்பாசூரின் 'பாசு' என்பது மூங்கில். திருமுல்லைவாயிலில் முல்லைக் கொடி. கடலோரத்தில் பழவேற்காடு.

பெயரில் இருக்கும் காடு தரையில் இல்லை. எங்கே போனது? மக்கள்தொகை பெருகியது, ஊர் வளர்ந்தது, மரத்தை வெட்டினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் நம் பகுதியின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் இன்னொரு காரணம் தெரிகிறது. யாரோ ஒருவர் 'இது காடு' என்று எழுதி வைத்த இடத்துக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருந்தது. அப்படி எழுதப்படாத இடம் சத்தமில்லாமல் போய்விட்டது.

முதல் பட்டியல்

நம் மாவட்டத்துக் காட்டில் என்னென்ன மரங்கள் இருந்தன என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. அது அரசாங்கப் பதிவேடு அல்ல, பக்திப் பாடல். காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டைப் பற்றிப் பாடிய பதிகங்களில் இலவம், எட்டி, வாகை, கள்ளி, காரை, சூரை என்று செடிகொடிகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அவர் காலம் சுமார் 6-ஆம் நூற்றாண்டு என்பது பொதுவான கணிப்பு. அவர் பாடியது சுடுகாட்டை. ஆனால் அந்தச் சுடுகாட்டைச் சுற்றி இருந்தவை அசல் தொண்டை மண்டலத்து முட்காட்டு மரங்கள். நம் பக்கத்தில் மிச்சமிருக்கும் புதர்க் காடுகளில் காரையும் சூரையும் இன்றும் வளர்கின்றன.

அதே திருவாலங்காட்டில் 1905-ல் சோழர் காலச் செப்பேடுகள் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள். முதலாம் ராஜேந்திர சோழன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. அக்காலக் கொடைகளில் நில எல்லையைச் சும்மா குறித்துவிட மாட்டார்கள். பெண் யானையை நடத்தி எல்லையைச் சுற்றி வருவார்கள். கல்லும் கள்ளிச் செடியும் நட்டு அடையாளம் வைப்பார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் மண்ணில் ஒரு செடி எல்லைச் சாட்சியாக இருந்திருக்கிறது.

ரயில் தின்ற விறகு

இனி ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. திருவள்ளூர் வழியாகத்தான் அந்தப் பாதை போகிறது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கு மரம் வேண்டும், என்ஜினுக்கு விறகு வேண்டும், வளர்ந்துவரும் மதராஸ் பட்டணத்து அடுப்புகளுக்கும் விறகு வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காட்டிலிருந்து வெட்டிய விறகு பழவேற்காடு ஏரியையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் கடந்து படகு படகாகப் பட்டணத்துக்கு வந்தது. பின்னாளில் கடலோரம் முழுக்கச் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கும் இந்த விறகுப் பசிதான் காரணம்.

ரயில் ஓடத் தொடங்கிய அதே 1856-ல் மதராஸ் மாகாணத்துக்கு ஒரு வனப் பாதுகாவலர் நியமிக்கப்பட்டார். அவர் ஹியூ கிளெகார்ன் என்ற மருத்துவர். காடு இப்படியே போனால் ரயிலுக்கும் மரம் கிடைக்காது, ஆற்றிலும் தண்ணீர் வராது என்ற கவலை அப்போதே அரசாங்கத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கவலையின் முடிவாக வந்ததுதான் 1882-ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டம். எல்லையை அளந்து, மக்களின் உரிமைக் கோரிக்கைகளை விசாரித்து, 'காப்புக் காடு' என்று அரசு அறிவிக்க வழி செய்த சட்டம் அது. அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வனச்சரகத்தில் மிஞ்சியிருக்கும் காப்புக் காடுகள் அந்தக் கணக்கில் வந்தவை.

கணக்கில் வராதவை? வருவாய்த் துறை ஏடுகளில் அவை 'புறம்போக்கு', 'தரிசு', 'மேய்க்கால்' என்று பதிவாயின. மரம் நின்றாலும் ஏட்டில் அது காடு இல்லை.

கலிபோர்னியாவில் நடந்தது

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் உலகின் மறுகோடியில் என்ன நடந்தது என்று பாருங்கள். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ஜயண்ட் செக்கோயா என்ற மரம் இருக்கிறது. உயிரோடு இருக்கும் மரங்களில் பருமனில் இதுதான் முதலிடம். 'ஜெனரல் ஷெர்மன்' என்று பெயர் வைத்திருக்கும் ஒரு மரத்தின் உயரம் சுமார் 83 மீட்டர், கிட்டத்தட்ட 27 மாடிக் கட்டிடம். அதன் வயது 2,000 ஆண்டுக்கு மேல்.

1853-ல் கலவராஸ் என்ற இடத்தில் இப்படி ஒரு மரத்தை வேடிக்கை காட்டுவதற்காகவே வெட்டினார்கள். ரம்பத்துக்கு அடங்காத பருமன் என்பதால் துளை போட்டுத் துளை போட்டுச் சாய்க்க 22 நாள் ஆனது. 1,200 ஆண்டு வாழ்ந்த மரம் அது. மிச்சம் நின்ற அடிமரத்தின் மேல் மேடை போட்டு நடனம் ஆடினார்கள். இந்தச் செய்தி பலரை உறுத்தியது. 1864-ல் அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம், யோசெமிட்டி பள்ளத்தாக்கையும் மாரிபோசா செக்கோயாத் தோப்பையும் பொதுமக்களுக்கான இடமாகக் காக்கச் சொல்லிக் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்தது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அந்தக் கையெழுத்து விழுந்தது. 1890-ல் செக்கோயா தேசியப் பூங்கா வந்தது.

செக்கோயா தப்பியதற்கு அதன் உருவமும் ஒரு காரணம். அண்ணாந்து பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அதன் பிறகு சட்டம் எழுதினார்கள். நம் காரையும் சூரையும் ஆள் உயரம் இருந்தால் அதிகம். முள் குத்தும். யாரும் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் வேலை என்று பார்த்தால் இவை சின்னவை அல்ல. மழை அடித்து வரும்போது இந்த முட்புதர்தான் நீரின் வேகத்தைக் குறைக்கிறது, மண்ணைப் பிடித்து வைக்கிறது, ஏரி தூர்ந்து போகாமல் காக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி தருகிறது. ஆற்றையும் ஏரியையும் நம்பி வாழும் நம் மாவட்டத்துக்கு இது அத்தியாவசியம்.

தேர்வாய் கண்டிகை

இந்த வேறுபாடு என்ன செய்யும் என்பதை நம் பக்கத்து ஊரே காட்டியது. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் சிப்காட் தொழிற்பேட்டைக்காக சுமார் 1,127 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. ஏட்டில் அது மேய்ச்சல் நிலம். ஊர் மக்களுக்கு அது காடு. பெரும்பாலும் தலித் குடும்பங்கள் வாழும் ஊர் அது. ஆடு மாடு மேய்ப்பது, விறகு பொறுக்குவது, காட்டு வழியாக வரும் மழைநீரால் ஏரியை நிரப்புவது எல்லாம் அந்த நிலத்தை நம்பித்தான், தலைமுறையாக நாங்கள் காத்த காடு என்று அவர்கள் போராடினார்கள். அங்கே டயர் தொழிற்சாலை அமைக்க மிஷ்லின் நிறுவனம் 2009-ல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. 2012-ல் விவகாரம் பிரான்ஸ் வரை போனது. பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓஇசிடி வழிகாட்டுதல்களின் கீழ், அந்த நாட்டின் தேசியத் தொடர்பு மையத்திடம் ஊர்ச் சங்கமும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து புகார் கொடுத்தன. ஆனாலும் தொழிற்பேட்டை எழுந்தது.

இதை எழுதும்போது எனக்கும் தயக்கம் இருக்கிறது. நம் குடியிருப்பில் எத்தனையோ பேர் சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்கிறோம். அந்தச் சம்பளத்தில்தான் ஃபிளாட் வாங்கினோம், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். தொழிற்சாலையே வேண்டாம் என்று சொல்ல நமக்குத் தகுதி இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு நிலத்தை இழப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது, அங்கே இருந்தது காடு என்பதாவது கணக்கில் வந்ததா?

அதே தேர்வாய் கண்டிகையில்தான் 2020-ல் கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. இரண்டு ஊர் ஏரிகளை இணைத்துக் கட்டிய அந்த நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் இப்போது அதுவும் ஒன்று. டயருக்கும் தண்ணீருக்கும் ஒரே ஊரைத்தான் நாம் நம்பியிருக்கிறோம்.

காடு என்றால் எது?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: நிலம் யாருக்குச் சொந்தம் என்பது முக்கியமில்லை, அகராதி சொல்லும் பொருளில் காடாக இருந்தால் அது காடுதான். 2023-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஆவணத்தில் ஏறிய காடுகளுக்கு மட்டும் பாதுகாப்பு சுருங்கிவிடுமோ என்ற வழக்கு வந்தது. 2024 பிப்ரவரியில், 1996-ல் சொன்ன பொருளையே பின்பற்றுங்கள் என்று இடைக்கால உத்தரவு பிறந்தது. ஏடா, மரமா என்ற வாதம் நம் காலத்திலும் ஓயவில்லை.

ஏட்டில் ஏறினால் மட்டும் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. செக்கோயாவின் பட்டை 60 செ.மீ. வரை தடிமன் கொண்டது. சின்னத் தீயை அது தாங்கும். அதன் காய் வெடித்து விதை விழுவதற்கே தீயின் சூடு உதவுகிறது. ஆனால் 'பாதுகாக்கிறோம்' என்று நூறு ஆண்டாக எல்லாத் தீயையும் அணைத்ததில் காட்டுக்குள் சருகும் சின்ன மரங்களும் குவிந்தன. வெப்பமும் வறட்சியும் சேர்ந்துகொண்டன. 2020-ல் வந்த காசில் தீயில் உலகிலுள்ள பெரிய செக்கோயாக்களில் 10 முதல் 14 சதவீதம் செத்துப்போயின. எழுதி வைத்த பிறகும் அந்த மரம் எப்படி வாழ்கிறது என்று தெரிந்து பராமரிக்க வேண்டியிருக்கிறது.

நம் வளாகத்துக்கு ஒரு வேண்டுகோள்

இப்போது ஜன்னலைத் திறந்து கீழே பாருங்கள். நம் வளாகத்தில் எத்தனை மரங்கள் இருக்கின்றன? சங்கத்தின் சொத்துப் பட்டியலில் மோட்டார், ஜெனரேட்டர், லிஃப்ட், சிசிடிவி கேமரா எல்லாம் இருக்கும். பழுதானால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று நமக்குத் தெரியும். மரம் அந்தப் பட்டியலில் இருக்காது. அதனால்தான் இலை காரின் மேல் விழுகிறது, வேர் சுவரைத் தள்ளுகிறது, பார்க்கிங் பத்தவில்லை என்று யாராவது சொன்னதும் ஒரு மரத்தின் கதை ஒரு மாலை நேரப் பேச்சில் முடிந்துவிடுகிறது. சொன்னவர் மேல் தவறில்லை. அந்தத் தொந்தரவுகள் உண்மைதான். ஆனால் எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு காகிதம்கூட இல்லாமல் முடிவு எடுக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது மூன்றே விஷயம்.

முதலாவது, ஒரு மரப் பதிவேடு. எந்த பிளாக் அருகே, என்ன மரம், மார்பு உயரத்தில் எவ்வளவு சுற்றளவு. ஒரு நோட்டும் தையல் டேப்பும் போதும். விடுமுறையில் பிள்ளைகள் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். பெயர் தெரியாத மரத்துக்கு வீட்டிலுள்ள தாத்தா பாட்டியைக் கேளுங்கள்.

இரண்டாவது, பதிவேட்டில் ஏறிய மரத்தை வெட்டுவதானால் காரணத்தை எழுதிப் பொதுக்குழுவில் வைக்க வேண்டும். கிளை முறிந்து ஆபத்து என்றால் உடனே கழித்துவிடலாம், அதற்குத் தடை இல்லை. முழு மரத்துக்கு மட்டும் இந்த நடைமுறை.

மூன்றாவது, அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் பூசுவதை நிறுத்தி, ஒரு மீட்டராவது மண்ணாக விட வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும் நம் மாவட்டத்திலும் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். வேர் பரவ இடமில்லாத மரம் காற்றுக்கு நிற்பதில்லை.

புதிதாக நடும்போது வேம்பு, புங்கன், நாவல், வாகை என்று நம் மண்ணுக்குப் பழகிய கன்றுகளைக் கேட்டு வாங்குங்கள். ஓர் ஓரத்தில் ஒரு காரைச் செடிக்கும் இடம் கொடுக்கலாம்.

அடுத்த பொதுக்குழுவில் இந்த மரப் பதிவேட்டை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எதிர்த்துப் பேசுவதானாலும் வாருங்கள். அதுவும் குறிப்பேட்டில் ஏறட்டும்.