பானெட் உயர்ந்தது, பாதை மறைந்தது

கார் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். ஆனால் எங்கள் சித்தேரி மலைக்கு ஏறிவரும் புதுக் கார்களைப் பார்த்தால், ஒரு பழைய காரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது.

1961-ல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாராகத் தொடங்கியது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. கூரைத் தூண்கள் மெல்லியவை, கண்ணாடிகள் பெரியவை. ஓட்டுபவருக்குச் சாலை நன்றாகத் தெரியும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும்.

இன்றைய எஸ்.யூ.வி.களில் தூண்கள் தடித்துவிட்டன. அதற்கு நியாயம் உண்டு. வண்டி உருண்டால் கூரை நசுங்கக் கூடாது. பானெட்டை இவ்வளவு உயர்த்தியதற்கோ பாதிக் காரணம் கம்பீரம்தான். உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு. முன்னால் நிற்கும் சிறு பிள்ளையோ கண்ணுக்கே தெரிவதில்லை. பிள்ளைகளும் சுமை தூக்கிய பெண்களும் நடக்கிற மலைப்பாதையில் இது உயிர் விஷயம்.

ஓட்டும் பழக்கமும் மாறிவிட்டது. குறுகிய மலைப்பாதையில் இறங்கும் வண்டி ஓரங்கட்டி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சாலை விதிகளே சொல்கின்றன. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி நகர்த்துவது சிரமம், அதனால்தான். இன்று பலர் ஒதுங்குவதுமில்லை, எதிரே வண்டி வந்தால் லைட்டை இறக்குவதுமில்லை.

கார் வாங்கப் போகிறவர்களே, ஷோரூமில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, வீட்டுப் பிள்ளையைக் காருக்கு முன்னால் நிற்கச் சொல்லுங்கள். பிள்ளை தெரியவில்லை என்றால், அந்தக் கார் வேண்டாம்.