பூவா, தலையா?

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒருவன் காசைச் சுண்டிவிட்டு, ஜயித்தோம் என்று சிரித்துக்கொண்டே மரணத்தின் மடியில் போய் உட்காருகிறான் என்றால், அந்தக் காட்சியை விட எனக்கு மனம் வருமா? ஆனால் இந்தச் சம்பவத்தைப் பற்றிய விசாரணை அறிக்கையைப் படித்த பிறகு, காசின் மேல் எனக்கிருந்த மோகம் போய்விட்டது.

1959-ஆம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி இரவு. அமெரிக்காவில் அயோவா மாகாணத்தைச் சேர்ந்த கிளியர் லேக் என்ற சிற்றூர். பட்டி ஹாலி என்ற பாடகருக்கு அப்போது வயது 22. அவரும் வேறு சிலரும் 24 நாளில் 24 ஊர்களில் கச்சேரி செய்வதாக ஒப்புக்கொண்டு, கொல்லும் குளிரில் பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தார்கள். பஸ்ஸில் உஷ்ணம் தரும் கருவி பழுது. டிரம் வாசிப்பவர் பாதங்கள் விறைத்துப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அடுத்த ஊருக்கு முன்னதாகப் போனால் அழுக்குத் துணிகளை வெளுத்துக்கொண்டு கொஞ்சம் தூங்கலாமே என்று ஹாலி ஒரு சிறு விமானத்தை வாடகைக்குப் பேசினார். தலைக்கு 36 டாலர். விமானி போக மூன்றே இடம்.

ஃப்ளூ ஜுரத்தோடு இருந்த ரிச்சர்ட்ஸன் என்பவருக்கு, ஹாலியின் வாத்தியக்காரர் வேலன் ஜென்னிங்ஸ் தம் இடத்தைக் கொடுத்தார். இன்னொரு வாத்தியக்காரரான டாமி ஆல்சப்பின் இடத்துக்காகத்தான் காசு சுண்டினார்கள். தலை விழுந்தது. 17 வயதுப் பையன் ரிச்சி வாலன்ஸ் ஜயித்தான்.

நள்ளிரவு கடந்து, ஒரு மணிக்குச் சற்று முன்னால், பக்கத்து மேசன் சிட்டி விமான நிலையத்திலிருந்து அந்த பொனான்சா விமானம் கிளம்பிற்று. விமானத்தின் சொந்தக்காரரான ட்வையர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வால் விளக்கு சில மைல் தூரம் போயிற்று. பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கி மறைந்தது. ரேடியோவில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. காலையில் அவரே வேறொரு விமானத்தில் அதே திசையில் தேடிக்கொண்டு போனார். நிலையத்திலிருந்து ஆறு மைல்கூட இல்லை. பனி மூடிய ஒரு வயலில் தம்முடைய விமானம் சுருண்டு கிடப்பதைக் கண்டார். நாலு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விதி என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அந்த வருஷம் செப்டம்பரில் வெளியான அறிக்கை வேறு சொல்கிறது. விமானி ரோஜர் பீட்டர்ஸனுக்கு வயது 21. வெளியே பார்த்து ஓட்டத் தெரிந்த பிள்ளை. கருவிகளை மட்டும் நம்பி ஓட்ட அனுமதி பெறாதவர். அன்றைய இரவோ வானத்தில் நட்சத்திரம் இல்லை, கீழே தரையில் விளக்கும் இல்லை. அந்த மாதிரி இருட்டில் உடம்பு சொல்வதை நம்ப முடியாது. சாய்ந்து திரும்பும்போதுகூட நேரே போவதாகத் தோன்றும். கருவிதான் கண்.

அந்தக் கண்தான் மோசம் செய்திருக்கக்கூடும். மூக்கு நிமிர்கிறதா, கவிழ்கிறதா என்று காட்டும் கருவி ஒன்று உண்டு. பீட்டர்ஸன் பழகிய கருவியில் ஒரு விதமாகத் தெரியும். இந்த விமானத்தில் இருந்த பழைய ஸ்பெர்ரி கருவியில் அதற்கு நேர் எதிராகத் தெரியும். ஏறிக்கொண்டே திரும்புகிறோம் என்று நினைத்து அவர் இறங்கிக்கொண்டே திரும்பியிருக்கலாம் என்கிறது அறிக்கை. கருவியில் கோளாறு இல்லை என்பதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு பகீரென்கிறது. அது உண்மையைத்தான் சொல்லிற்று. அவருக்குத் தெரியாத பாஷையில் சொல்லிற்று!

இன்னொன்று. வானிலை மோசமாகிறது என்று இரண்டு எச்சரிக்கைகள் அன்றிரவு வந்திருந்தன. வானிலை விவரம் சொன்னவர்கள் அவற்றை அவருக்கு எடுத்துக் காட்டவில்லை. தெரிந்திருந்தால் புறப்பட்டிருப்பாரா? பிரசித்தமான மூன்று பாடகர்கள் பெட்டியும் கையுமாக வந்து நிற்கும்போது, 21 வயதுப் பையன் "முடியாது" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்! அறிக்கையோ அவர் புறப்பட்டதே தவறு என்று பிரதானப் பழியை அவர் தலையில் போட்டது. எச்சரிக்கையைச் சொல்லாததையும் பழகாத கருவியையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. 2015-ல் மறுவிசாரணை வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் போயிற்று, ஏற்கவில்லை.

காசுதான் ஜனங்கள் மனத்தில் நின்றது. தோற்றுப் பிழைத்த ஆல்சப் பிற்காலத்தில் ஒரு மதுச்சாலை திறந்து, காசு தலையாக விழுந்ததையே அதற்குப் பெயராக வைத்தார். 2017 வரை உயிரோடிருந்தார்.