சுவத்துல யார் பேரு?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சொந்தக் கதை. பொறுமையா படிங்க.

எங்க ஊர் குளத்தூர், புதுக்கோட்டை மாவட்டம். (சென்னைக் கொளத்தூர் இல்லீங்க!) ஒரு காலத்தில் தொண்டைமான் வம்சத்து நமனத் தொண்டைமானின் தனிப் பாளையம். பிறகு புதுக்கோட்டையோடு சேர்ந்தது. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைகிற வரைக்கும் அங்கே இருந்தது மூணே தாலுகா: ஆலங்குடி, திருமயம், குளத்தூர். நார்த்தாமலை, சித்தன்னவாசல் ரெண்டும் அந்தப் பழைய குளத்தூர் தாலுகாவைச் சேர்ந்ததுதான். இதை ஏன் சொல்றேன்னு பின்னாடி தெரியும்.

சில வருஷம் முன்னாடி பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றில் திருப்பணி நடந்தது. கமிட்டியில நானும் ஒரு ஆள். மதில் உள்பக்கம் தலபுராணத்தை ஓவியமா வரையணும்னு முடிவாச்சு. வேலையை எடுத்தவர் எங்க பக்கத்தில் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பெரியவர். பேர் வேண்டாம், அண்ணன்னே வச்சுக்குவோம். சினிமா விளம்பரம், கட்சிச் சின்னம், உர விளம்பரம்னு சுவத்தை நம்பியே வாழ்ந்த மனுஷன். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தப் பொழப்பு போச்சு. கோயில் வேலை, பள்ளிக்கூடச் சுவர்னு மாறிக்கிட்டார்.

பேசினது மொத்தத் தொகை, மூணு தவணை. எழுத்துல ஒண்ணும் கிடையாது. வெத்தலை பாக்கு வச்சு அட்வான்ஸ் கொடுத்தோம், அவ்வளவுதான். எட்டுக் கட்டம்னு ஆரம்பிச்சது, "இந்தக் காட்சியையும் சேர்த்துடுங்க"ன்னு ஆளாளுக்குச் சொல்லி பதிமூணு ஆச்சு. தொகை மட்டும் ஏறல. சாரம் கட்டுற செலவு யாருதுன்னு பேசல, அது அவர் தலையில விழுந்தது. புதுப் பூச்சு காயறதுக்குள்ளேயே குடமுழுக்கு நாள் நெருங்கிடுச்சு. "ஈரச் சுவத்துல அடிச்சா உரிஞ்சிடும் தம்பி, கொஞ்சம் விடுங்க"ன்னார். நாங்க கேக்கல.

கடைசிக் கட்டத்தில் ஒரு யானை. அதன் காலடியில் விரல் அகல எழுத்தில் தன் பேரையும் போன் நம்பரையும் எழுதியிருந்தார். கமிட்டியில ஒரே சத்தம். "சாமி சுவத்துல விளம்பரமா? அழிக்கச் சொல்லுங்க." சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன். அவர் ஒரு வார்த்தை பேசாம பிரஷ்ஷை எடுத்து மேல பச்சையைத் தடவிட்டுப் போயிட்டார். அதே மதில்ல உபயதாரர் ஒருத்தரோட கடைப் பேர் ஒரு அடி உயரத்துல இருக்கு. அதையும் எழுதினது அவர் கைதான். மூணாவது தவணையில பாதிதான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

அதுக்கு அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, ஊருக்கு வந்த சொந்தக்காரங்களைக் கூட்டிக்கிட்டு சித்தன்னவாசல் போனேன். எத்தனையோ தடவை பார்த்த இடம். ஆனா அன்னிக்குத்தான் மண்டையில உறைச்சது.

அறிவர் கோயில் கூரையில் அந்தத் தாமரைக் குளம். மீன், அன்னம், எருமை, யானை, நடுவில் பூப் பறிக்கிற ஆட்கள். தூணில் ஆடற பெண்கள். சுண்ணாம்புப் பூச்சு மேல காவி, மஞ்சள், பச்சைன்னு பெரும்பாலும் கல்லிலும் மண்ணிலும் எடுத்த நிறங்கள். வெளியே பாறையில் தமிழ்ப் பாட்டாவே ஒரு கல்வெட்டு. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் உள் மண்டபத்தைப் புதுப்பித்து, முன்னால் முகமண்டபமும் எடுத்தார் என்கிறது. காலம் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் ஆட்சி, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டு. இன்னிக்கு நாம பார்க்கிற ஓவியங்கள் இந்தத் திருப்பணியை ஒட்டியவை என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

இப்போ பாருங்க. அவர் எடுத்த முகமண்டபம் இடிஞ்சு போச்சு. இப்ப முன்னாடி நிக்கிறது இருபதாம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து தூண் கொண்டுவந்து கட்டினது. மண்டபம் போனாலும் கட்டினவர் பேர் நிக்குது. தாமரை நிக்குது, வரைஞ்சவர் பேர் இல்லை.

நார்த்தாமலைக்கு வாங்க. விஜயாலய சோழீஸ்வரத்தைக் கட்டியவர் சாத்தன் பூதி. மழையில் அது இடிபட்டபோது திருப்பணி செய்தவர் மல்லன் விடுமன். ரெண்டு பேரும் கல்வெட்டில் இருக்காங்க. உள்ளே சுவரில் மங்கிப்போன பிற்கால ஓவியங்களும் இருக்கு. வரைஞ்சவர்? கேக்காதீங்க.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை எடுத்துக்குங்க. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் பேர் சொல்லி, எந்தத் தெரு, எத்தனாவது வீடுன்னு கல்லில் வெட்டி வச்ச ராஜராஜன் கோயில். பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பேர் கூட இருக்கு. கருவறையைச் சுற்றின உள் திருச்சுற்றில் அவ்வளவு பெரிய ஓவியங்களை வரைஞ்சவங்க பேர் மட்டும் நமக்குத் தெரியாது. போதாக்குறைக்கு நாயக்கர் காலத்தில் அதன் மேலேயே புதுசா வரைஞ்சாங்க. 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிக்கிற வரைக்கும் சோழர் ஓவியம் அடியில் கிடந்தது. அடுத்த புரவலர் வந்தா பழைய வேலை மேல பூச்சு. எங்க கமிட்டி ஒண்ணும் புதுசா செஞ்சிடல!

ரோமாபுரியில் கதை வேற. சிஸ்டைன் தேவாலயக் கூரைக்கு 500 டுக்காட் முன்பணம் வாங்கியதை மைக்கேலாஞ்சலோ தன் கைப்பட எழுதி வச்சிருக்கார், 1508 மே 10-ந் தேதி போட்டு. போப்பாண்டவரிடமிருந்து பணம் வரலைன்னு வீட்டுக்குப் புலம்பின கடிதமும் இருக்கு. அவர் பெரிய கலைஞர், சரி. ஆனா காகிதமும் இருந்துச்சுங்க.

நம்ம பக்கம் யாருமே பேர் போடலையான்னா, போட்டவர் உண்டு. திருவாரூர்க் கோயில் தேவாசிரிய மண்டபக் கூரையில், முசுகுந்தன் இந்திரனிடமிருந்து தியாகராஜரைக் கொண்டுவந்த கதை, தமிழ்க் குறிப்புகளோடு. தஞ்சை மராட்டிய மன்னர் சகஜி காலத்தை ஒட்டியது, முன்னூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதில் சிங்காதனம்னு ஓவியர் தன் பேரை எழுதி வச்சிருக்கார். சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல. இன்னிக்கு அந்த ஓவியத்தைப் பத்திப் பேசறவங்க அவர் பேரையும் சேர்த்துத்தான் சொல்றாங்க.

போன மாசம் அந்தக் கோயில் மதிலைப் போய்ப் பார்த்தேன். யானைக் காலடிப் பச்சை உரிய ஆரம்பிச்சிருக்கு. தஞ்சாவூர் மாதிரி அடியிலிருந்து பேர் வெளிய வரும்னு நினைச்சிடாதீங்க. பூச்சோட சேர்ந்தே உதிருது. அவர் சொன்னபடியே நடந்திருக்கு.

நேரா அவர் வீட்டுக்குப் போனேன். "அன்னிக்கு அழிக்கச் சொன்னது தப்புண்ணே"ன்னேன். "விடுங்க தம்பி, டீ சாப்பிடுங்க"ன்னார். ஒரு பள்ளிக்கூடச் சுவர் வேலை வந்திருக்குன்னும் சொன்னார். ரெண்டு பேரும் உக்காந்து ஒரு வெள்ளைத்தாள்ல எழுதினோம். எத்தனை சதுர அடி, என்ன ரேட்டு. கட்டம் கூடினா தொகையும் கூடும். சாரமும் பட்டி பார்க்கிறதும் வேலை கொடுக்கிறவங்க செலவு. பூச்சு காய இத்தனை நாள். மாதிரிப் படம் பார்த்து ஒத்துக்கிட்ட பிறகுதான் சுவத்துல கை வைக்கிறது. மூணு தவணை, மூணாவது திறப்பு விழாவுக்கு முன்னாடி. கடைசியா, ஓவியர் பேர் வலது கீழ் மூலையில் அரை அடிக்கு.

அந்தக் கடைசி வரியைப் பார்த்துச் சிரிச்சுட்டார். "பேரு கெடக்கட்டும் தம்பி, அந்த மூணாவது தவணையைக் கொஞ்சம் பெரிசா எழுதுங்க."

பெரிசாவே எழுதினேன். பேர் வரியையும் அடிக்கல.