மலையகத் தோட்டங்களில் குடிநீர்ப் பரிசோதனை

மலையகத் தோட்டங்களில் குடிநீர்ப் பரிசோதனை என்பது இலங்கையின் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய தேயிலைப் பகுதிகளில் லயங்களும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) தனிவீடுகளும் பங்களாக்களும் பயன்படுத்தும் ஊற்று, பீலி, கிணறு ஆகியவற்றின் நீரில் மலக்கிருமியோ வேறு மாசோ கலந்துள்ளதா எனக் கண்டறியும் நடைமுறையாகும். இந்நீர்நிலைகளுள் பல, தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய் வலையமைப்புக்கு வெளியே உள்ளன. ஆகவே நகரக் குடிநீருக்கு நடைபெறும் அன்றாடச் சோதனை இவற்றுக்கு இல்லை.

நீர்நிலைகளின் வகை

இலங்கையின் நிலத்தடி நீர்த்தேக்கங்களை நிலநீரியலாளர் ஆறு வகையாகப் பிரிப்பர். மலைநாட்டுக்குரியது கடும்பாறையின் மேல் படிந்த உக்கல் மண்ணில் தேங்கும் ஆழமற்ற நீர். பாறையில் ஆழ இறங்க முடியாத மழைநீர், சரிவின் மண்ணுக்குள்ளேயே நகர்ந்து, மலையடியிலும் ஓடைக்கரையிலும் ஊற்றாக வெளிப்படும். இப்பாதை குறுகியது என்பதால் மண் அதை முழுமையாக வடிகட்டுவதில்லை. மேட்டில் பெய்த மழை சில நாளிலேயே பள்ளத்தின் பீலியில் கலங்கலாக வந்து சேர்வதும் உண்டு.

தோட்ட மக்களின் வழக்கில் நீர்நிலைகள் நான்கு வகைப்படும். மண்ணிலிருந்து கசியும் இடம் ‘ஊற்று’. அந்நீரை மூங்கில், தகரம் அல்லது குழாய் வழியாக வெளியே விழச் செய்த இடம் ‘பீலி’. இச்சொல் சிங்களத்தின் ‘பீல்ல’ என்பதோடு உறவுடையது. குளிப்பு, துணி துவைப்பு, குடிநீர், ஊர்ப்பேச்சு எல்லாம் நடக்கும் இடமாதலால் ‘பீலிக்கரை’ என்ற சொல்லும் வழங்குகிறது. வளையம் இறக்கிய ஆழமற்ற கிணறு மூன்றாவது. மேட்டு ஓடையை மறித்துத் தொட்டியில் சேர்த்து, குழாய் மூலம் லயத்துக்கு இறக்கும் நீர் நான்காவது. இக்குழாய்களின் மூட்டுகள் பெரும்பாலும் டயர் ரப்பர் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். நீர் வராத வேளையில் குழாயின் அழுத்தம் குறையும்போது வெளிச்சேறு இம்மூட்டுகள் வழியாக உள்ளே உறிஞ்சப்படுவதுண்டு.

சுகாதாரத் துறையின் பாகுபாடு ‘பாதுகாக்கப்பட்டது’, ‘பாதுகாக்கப்படாதது’ என இரண்டே. ஊற்றுக்கு மூடிய பெட்டியும், மேற்புறம் மழைநீரைத் திருப்பும் கானும், கால்நடை புகாத வேலியும் இருந்தால் முதல் வகை. மூங்கில் பீலிகள் இரண்டாம் வகையில் அடங்கும்.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்கும், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்தவர்கள் பாதையோரக் குளங்களிலும் கிணறுகளிலும் குடித்தனர். வாந்திபேதியில் வழியிலேயே இறந்தவர் பலர். அக்காலத்தில் நோய் தொழிலாளரோடு வருகிறது என்றே ஆட்சியாளர் கருதினர். கிணறுகளைச் சோதிப்பதற்கு மாறாக ஆட்களைத் தடுத்துவைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராகமை முகாமும் பின்னர் தமிழகக் கரையின் மண்டபம் முகாமும் இதற்குப் பயன்பட்டன. வாந்திபேதிக் கிருமியை ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில், நீர்க்குட்டைகளோடு தொடர்புபடுத்திக் காட்டியிருந்தும் இம்முறை நெடுங்காலம் மாறவில்லை.

தோட்ட மருத்துவத்துக்கான முதற்சட்டம் 1872இல் கோப்பி மாவட்டங்களுக்கென இயற்றப்பட்டது. 1912இன் சட்டங்கள் நோயுற்ற தொழிலாளருக்கான பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் சுமத்தின. நோயாளிக்கு மருந்து கொடுப்பதே இவற்றின் நோக்கம். கொழும்பில் 1900இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் நாட்டில் ஆய்வுகூட வசதியைத் தந்தது. ராக்பெல்லர் நிறுவனம் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம், மலசலகூடம் இல்லாத லயங்களின் நிலையை எண்ணிக்கையோடு வெளிக்கொணர்ந்தது. களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையே இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கு வித்து. ஆனால் தோட்டங்கள் நீண்டகாலம் அவ்வமைப்புக்குப் புறத்தேயே நின்றன.

1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. அவ்வாண்டே அமைக்கப்பட்ட, தோட்ட மக்கள் சுருக்கமாக ‘ட்ரஸ்ட்’ என்று சொல்லும் நிதியம் வீடு, மலசலகூடம், குடிநீர்த் திட்டங்களை ஏற்றது.

பரிசோதனை முறை

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் நீரைத் தொடுவதில்லை, மேட்டைப் பார்க்கிறார். ஊற்றுக்கு மேலே மலசலகூடக் குழி, மாட்டுக்கொட்டில், மரக்கறித் தோட்டம் எவையேனும் உண்டா என்று குறிக்கிறார். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி என்ற பொது விதி சரிவில் போதாது. குழி எந்தப் பக்கம் என்பதே தூரத்தைவிட முதன்மை.

கிருமிச் சோதனைக்குக் கொதிநீராவியில் தூய்மையாக்கிய போத்தலில் நீர் எடுக்கப்படும். குளோரின் இட்ட நீரானால் போத்தலில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட்டு இடுவர். பனிப்பெட்டியில் வைத்து, இயன்றால் ஆறு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம் சேர்க்க வேண்டும். அங்கே 100 மில்லிலீற்றர் நீரை நுண்வடிதாளில் வடித்து, 44 பாகை வெப்பத்தில் ஒரு நாள் வைத்து, முளைத்த ஈ.கோலை (மலமாசைக் காட்டும் பக்டீரியா) பொட்டுகளை எண்ணுவர்.

தொலைவான தோட்டங்களுக்கு ஐதரசன் சல்பைட்டுச் சோதனை ஏற்றது. மஞ்சா, மௌர்யா, ராவ் ஆகிய இந்திய ஆய்வாளர் 1982இல் இதை வெளியிட்டனர். மருந்து தோய்ந்த காகிதம் உள்ள சிறுபோத்தலில் நீரை நிரப்பி, அடுப்பங்கரை போன்ற சூடான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். மாசுள்ள நீர் பழுப்பாகி, பின் மையைப்போல் கறுக்கும். எழுத்தறியாதவரும் இம்முடிவை அறிவர். சோதனையை மழைக்குப் பின்னும் வறட்சியிலும் இருமுறை செய்தாலே பொருளுண்டு.

தரநிலை

இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் 614ஆம் இலக்கத் தரத்தின்படி (2013) 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஈ.கோலை இருத்தலாகாது. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கும் புளோரைட்டு 1 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது. காரகாடித்தன்மை எண் (pH) 6.5 முதல் 8.5 வரை இருக்கவேண்டும். தேயிலை வளரும் மலைநாட்டு மண் அமிலத்தன்மையுடையது. அதன் ஊற்றுநீர் மென்மையானது, இவ்வெண் 6.5க்குக் கீழே இறங்குவதும் உண்டு. வறண்ட வலயத்தின் புளோரைட்டுச் சிக்கல் இங்கு இல்லை.

மாசின் மூலம்

மலையகக் குடிநீரின் தலையாய மாசு மலக்கிருமியே. நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் வயிற்றோட்டமும் இதன் விளைவுகள். 2007இல் கம்பளைப் பகுதியில் செங்கமாரி பரவியது. பூச்சிமருந்து, களைக்கொல்லி பற்றியும் அச்சம் உண்டு. 2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேட்டு என்னும் களைக்கொல்லி 2018இல் தேயிலைக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. நுவரெலியாவின் உருளைக்கிழங்கு, மரக்கறிப் பாத்திகளுக்குக் கீழேயுள்ள கிணறுகளில் மட்டும் நைத்திரேற்றைப் பார்ப்பது நன்று.

நீரைக் கொதிக்க வைப்பது எளிய காப்பு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். குமிழி விடத் தொடங்கியபின் ஓரிரு நிமிடம் விட்டால் கிருமி சாகும்.

தற்போதைய நிலை

தோட்டப் பகுதிகளில் பிரதேச சபை நிதியைச் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாயிருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. ஆயினும் பரிசோதனை பெரும்பாலும் யாராவது நோயுற்ற பின்பே நடக்கிறது. 2025 நவம்பர் டித்வா புயலின் மண்சரிவுகளுக்குப் பின் மலைநாட்டு ஊற்றுகளை மறுபடியும் சோதிக்க வேண்டியுள்ளது.